மிலிட்டரிக்காரர் வீட்டுக் காகிதங்கள்

தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து 1965-இல் பட்டாளத்தில் சேர்ந்தவரின் பணிப் பதிவேட்டில், சொந்த மாவட்டம் கோயம்புத்தூர் என்றிருக்கும். 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது தாராபுரம் அதற்குள் போனது. எண்பதுகளில் ஓய்வு பெற்று வந்தவரின் பென்ஷன் ஆணையில் பெரியார் மாவட்டம் என்று அச்சாகியிருக்கும். பிறகு அந்த மாவட்டத்துக்கு ஈரோடு என்று பெயர் வந்தது. 2009 முதல் நாம் திருப்பூர் மாவட்டத்துக்காரர்கள். அமராவதிப் பாசனத்தில் இருக்கும் அதே தோட்டத்து வீட்டுக்கு அரசாங்கக் காகிதங்களில் நான்கு மாவட்டப் பெயர்கள்.

அவர் உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் உறுத்துவதில்லை. பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவர் மனைவி போய் நிற்கும்போதுதான் எல்லாம் தலைதூக்கும். ரெக்கார்டு ஆபீஸில் செல்லாத்தாள் என்றிருக்கும், ஆதாரில் செல்லம்மாள் என்றிருக்கும். பட்டாளத்தில் தகப்பனார் பெயரை முன்னால் போட்டிருப்பார்கள், வங்கியில் இனிஷியல் மட்டும். பிறந்த தேதி என்ற இடம் காலியாகவே கிடக்கும். கணவர் கார்கில் பனியிலோ ராஜஸ்தான் மணலிலோ நின்ற காலத்தில் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தனியாகப் பார்த்துக்கொண்ட அம்மா, எழுபத்தைந்து வயதில் தான் யாரென்று நிரூபிக்க நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறித் திருப்பூருக்கு அலைகிறார். சுதந்திர தினத்தன்று முன்னாள் படைவீரர்களுக்குச் சால்வை போடுகிறோம். அதற்கு முன்னால் அந்த வீட்டுக் காகிதங்களை யாராவது உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தால், அது அவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

பிறந்த தேதி காலியாக இருப்பதால் போகும் பணம் கொஞ்சமல்ல. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50 சதவீதம். நூறு வயதில் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. அடிப்படைக் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய் என்றால் 80 வயதில் மாதம் 2,400 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர வேண்டும். ஆனால் ஆணையில் பிறந்த தேதி இல்லையென்றால், அவருக்கு 80 ஆனது கணினிக்குத் தெரியாது. ஐந்து வருடம் கேட்காமல் இருந்தால் அகவிலைப்படி நீங்கலாகவே 1,44,000 ரூபாய் நிற்கும். ஆதார், வாக்காளர் அட்டை போன்ற சான்றுகளோடு விண்ணப்பித்தால் தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம், நிலுவையும் கேட்கலாம்.

ஆகவே வீட்டில் மிலிட்டரி பென்ஷன் வாங்கும் தாத்தாவோ அப்பாவோ இருந்தால், அவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. இப்போது முப்படை ஓய்வூதியம் பெரும்பாலும் 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளம் வழியாகத்தான் வருகிறது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் அதை நடத்துகிறது. உள்ளே நுழைந்து மனைவி பெயர், எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, குழந்தைகள் விவரம் எல்லாவற்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே திருத்தம் கேட்கலாம். ரெக்கார்டு ஆபீஸில்தான் மாற்ற வேண்டும் என்றால், உறுதிமொழிப் பத்திரமும் சான்றுகளும் சேர்த்துத் திருப்பூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்புங்கள். 2009-க்கு முன் ஈரோட்டில் பதிவு செய்தவர்கள், தங்கள் கோப்பு திருப்பூருக்கு வந்துவிட்டதா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். திருமணமாகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு உரிமை உண்டு. இந்தப் பெயர்களைத் தகப்பனார் இருக்கும்போதே பதிந்து வைக்காமல் விட்டுவிட்டு, பின்னால் அண்ணன் தம்பிகளிடம் கையேந்தும் மகள்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது. அதற்காகச் சான்று தராமலேயே விட்டு, பென்ஷன் நின்ற பிறகு பதறுவார்கள். ரேகை விழாவிட்டால் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே 'ஜீவன் பிரமாண்' சான்று எடுக்கலாம். தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லியும் எடுக்கலாம். எடுக்கும்போது ஓய்வூதியம் வழங்குபவர் என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சான்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. ஸ்பர்ஷில் இருப்பவர்கள் ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தச் சான்றை வைத்துத்தான் மோசடியும் நடக்கிறது. "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், சான்று முடியப்போகிறது, வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைப்பு வரும். பேசுகிறவர் ஓய்வு பெற்ற தேதி, பென்ஷன் ஆணை எண் எல்லாம் சரியாகச் சொல்வார். அதனாலேயே பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். பட்டாளத்தில் மேலதிகாரி சொன்னதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அதிகாரக் குரல் என்றால் ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பைத்தான் திருடுகிறார்கள். எந்த அலுவலகமும் கைப்பேசியில் ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். நிலுவை வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடு என்று வரும் இடைத்தரகர்களிடமும் அசல் காகிதங்களைக் கொடுக்க வேண்டாம்.

இனி, பேரப் பிள்ளைகள் உதவ வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மிலிட்டரிக்காரர் வீட்டுத் திண்ணையில் சொன்ன கதைகளையே திரும்பச் சொல்வார். எந்த ரெஜிமென்ட், எந்த முகாம், வண்டி கவிழ்ந்தது எந்த வருடம், எந்த மிலிட்டரி ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் கிடந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், யூனிட் பெயரை மடக்கி மடக்கிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப வரலாற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பணியில் வந்த ஊனத்துக்கான டிசெபிலிட்டி பென்ஷன் கேட்கும் மனுவுக்கு அவசியமான விவரங்களும் இவைதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மெடிக்கல் போர்டு நடவடிக்கைக் குறிப்பை ரெக்கார்டு ஆபீஸிலிருந்து கேட்டு வாங்கலாம். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்று தெரிந்தால்தான் சரியாகக் கேட்க முடியும்.

பீரங்கிச் சத்தத்தில் காது போனவர்கள், பனிமலையில் விரல் போனவர்கள், ரத்தக் கொதிப்போடு திரும்பியவர்கள் பலருக்கு, "இது பணியால் வந்ததுமல்ல, பணியால் மோசமானதுமல்ல" என்று போர்டு ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டது. அந்த ஒரு வரியை ஏற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. சந்தேகத்தின் பலன் வீரருக்கு. 2014-இல் ராம் அவதார் வழக்கில், பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் ஊன அளவை மேல்நோக்கி முழுமையாக்கும் பலன் உண்டு என்றது: 50-க்குக் கீழ் இருந்தால் 50 சதவீதம், 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100. பொதுவாக 20 சதவீத ஊனமாவது மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணியை விட்டவர்களுக்கு வேறு விதிகள் வந்துவிட்டன. அவர்கள் வழக்கறிஞரிடம் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொல்லாத கதைகளும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படையில் இருந்தவர்களைப் பற்றி இங்கே பேசியாக வேண்டும். அதில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதல்வர் போகவில்லை. ஈழத் தமிழர் பட்ட துயரத்தில் தமிழ்நாட்டு மனம் இருந்தது. அந்தத் துயரம் உண்மை. ஆனால் உத்தரவுக்குப் போய் வந்த தமிழ்ச் சிப்பாய், தன் மொழி பேசுகிறவர்கள் ஊரில் தான் பார்த்ததைத் தன் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாமல் முப்பத்தைந்து வருடம் வைத்திருந்தார். அப்படிப்பட்ட ஒருவர் இரவில் அலறி எழுந்தால், குடித்தால், வீட்டில் கை ஓங்கினால், குணம் என்று விட்டுவிடக் கூடாது, சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பென்ஷனே இல்லாமல் வந்தவர்கள்தான் நம் கண்ணில் படாதவர்கள். சிப்பாய்க்குப் பொதுவாக 15 வருடம் முடிந்தால்தான் பணி ஓய்வூதியம். எட்டு, பத்து வருடத்தில் தகப்பனார் இறந்தாரென்று, கிணறு வற்றியதென்று திரும்பி வந்தவர்கள் கையில் டிஸ்சார்ஜ் புக் மட்டும் இருக்கும். ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ்ப் பதவியில் இருந்து, பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய ஏழை முன்னாள் வீரருக்கும் அவர் விதவைக்கும் மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர்களின் மனைவிமாருக்குத் தமிழக அரசின் மாத உதவி இருக்கிறது; அப்படிப்பட்ட பாட்டிகள் யாராவது ஊரில் இருந்தால் தேடிப்போய்க் கேளுங்கள். இவர்களுக்கு டிஸ்சார்ஜ் புக்தான் ஒரே சான்று. பென்ஷன் இல்லாதவர்களின் கோப்புகளை ரெக்கார்டு ஆபீஸ்கள் 25 வருடத்துக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். கறையான் அரிப்பதற்குள் அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து, சான்றொப்பம் வாங்கி, வெளியூரில் இருக்கும் மகளிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள்.

ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் பற்றிச் சுருக்கமாக: 2014 ஜூலை 1 முதல் நடைமுறை, 2019-லும் 2024-லும் மறு நிர்ணயம். பதவியும் பணிக்காலமும் ஆணையில் தவறாக இருந்தால் அந்த உயர்வு முழுதாக வராது. வைத்தியத்துக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை உள்ளவர்கள், அவசரத்தில் பட்டியலில் இல்லாத தனியார் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். இல்லையென்றால் பில் தொகையைத் திரும்ப வாங்குவது கஷ்டம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இசிஎச்எஸ் சந்தா கிடையாது. நூல் மில்களில் வாட்ச்மேனாக நிற்கும் முன்னாள் வீரர்கள், ஏஜென்சி மூலம் வேலை செய்தாலும் குறைந்தபட்சக் கூலி கேட்கலாம். பிஎப் உரிமை இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் இளைய வயதினருக்குத் தமிழக அரசின் காக்கும் கரங்கள் திட்டத்தில் 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியத்தோடு உண்டு.

மனு கொடுத்தும் பதில் இல்லையா? மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் பதிவு செய்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென நடக்கும் சிறப்புக் குறைதீர் கூட்டத்துக்கு எழுத்து மனுவோடு போங்கள். முத்திரையிட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். மறுத்து ஆணை வந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் கிளை சென்னையிலேயே உண்டு, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் தாராபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தரச் சட்டமே சொல்கிறது; 15100-க்கும் அழைக்கலாம். மறுப்பு வந்து பல வருடமாகிவிட்டதே என்று ஒதுங்க வேண்டாம். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதமாகவும் வழக்குப் போடலாம். ஆனால் 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்புப்படி, பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் கிடைக்கும். இன்று போடாமல் அடுத்த வருடம் போட்டால், ஒரு வருடப் பணம் திரும்ப வராது.