மலையின் வயிற்றில் ஒரு வழி

ஐரோப்பாவை வடக்கு, தெற்கு எனப் பிரித்து நிற்பது ஆல்ப்சு மலைத்தொடர். அதனைக் கடக்கும் பழைய வழிகளுள் ஒன்று, சுவிட்சர்லாந்தின் கோட்டார்டு கணவாய். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வழி, குளிர்காலத்தில் பனியால் அடைபட்டுவிடும். 1882இல் திறக்கப்பட்ட தொடர்வண்டிச் சுரங்கம் இத்தடையை ஒருவாறு நீக்கியது. பின்னாளில் மகிழுந்துகளையும் தொடர்வண்டியில் ஏற்றியே மக்கள் மலையைக் கடந்தனர். ஊர்திகள் பெருகவே, சாலைக்கெனத் தனிச் சுரங்கம் வேண்டியதாயிற்று.

1970இல் அப்பணி தொடங்கியது. வடக்கே கோஷெனென், தெற்கே ஐரோலோ ஆகிய இரு முனைகளிலிருந்தும் பாறையை வெடிவைத்துத் தகர்த்தபடி தொழிலாளர் முன்னேறினர். 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 1980 செப்டம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம் அதுவே. அந்தப் பெருமைக்குப் பின்னால் 19 தொழிலாளரின் உயிரிழப்பு உண்டு.

இச்சுரங்கம் நேர்க்கோட்டில் செல்லாமல் வளைந்து செல்கிறது. நேர்வழியே குறுகியது என்பதைப் பொறியாளர் ஜோவான்னி லோம்பார்டி அறியாதவர் அல்லர். எனினும், மலையைக் குடைவதைக் காட்டிலும் உள்ளே செல்லும் ஊர்திகளின் புகையை வெளியேற்றுவதே கடினம். அதற்கு மலையின் மேற்பரப்புவரை காற்றுக்குழாய்கள் குடையப்பட வேண்டும். உயர்ந்த சிகரங்களின் அடியில் சென்றால் அக்குழாய்கள் மிக நீளும். பள்ளத்தாக்கை ஒட்டிச் சென்றாலோ குறுகும். ஆதலால், சாலை சற்று நீண்டாலும் காற்றுக்கு எளிய வழியையே அவர் தேர்ந்தார். சுரங்கத்தின் பக்கத்திலேயே, ஆபத்தில் மக்கள் தப்பிச் செல்வதற்கெனச் சிறிய இணைவழி ஒன்றும் அமைக்கப்பட்டது.

அவ்விணைவழியின் அருமை 2001 அக்டோபர் 24 அன்று விளங்கியது. எதிரெதிரே வந்த இரு சரக்குந்துகள் மோதித் தீப்பற்றின. 11 பேர் மாண்டனர். நெருப்பினும் கொடியதாக அமைந்தது நச்சுப்புகை. இணைவழியை அடைந்தோர் உயிர் தப்பினர். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மூடப்பட்டபின் சுரங்கம் மீண்டும் திறந்தபோது, சரக்குந்துகளை இடைவெளிவிட்டு, எண்ணி அனுப்பும் முறை வந்தது.

ஒரே குழாயில் எதிரெதிராகச் செல்வதே விபத்துக்கு வழிவகுத்தது என்பதால், இரண்டாம் குழாய் வேண்டும் என்ற குரல் வலுத்தது. மறுபுறம், சாலை பெருகினால் சரக்குந்துகளும் பெருகும். குறுகிய மலைப்பள்ளத்தாக்குகளில் வாழ்வோர் அவற்றின் புகையிலும் இரைச்சலிலும் தவிப்பர். ஆல்ப்சைக் கடக்கும் சாலைகளின் கொள்ளளவைக் கூட்டலாகாது என்னும் விதியை 1994ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் வழியாக மக்கள் அரசியலமைப்பிலேயே சேர்த்திருந்தனர். 2004இல் இரண்டாம் குழாய்க்கு வழிவகுக்கும் திட்டத்தையும் அவர்கள் மறுத்தனர்.

எனினும், பழைய குழாய் முதுமையடைந்தது. அதனைச் செப்பனிட நெடுங்காலம் மூடவேண்டும். மூடினால் இத்தாலிய மொழி பேசும் டிசினோ மாநிலம் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து துண்டிக்கப்படும் என்ற அச்சம் எழுந்தது. 2016 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் இரண்டாம் குழாயை ஏற்றனர். 2021இல் பணி தொடங்கியது. புதிய குழாய் திறந்தபின் பழையது செப்பனிடப்படும். இரண்டும் பயனுக்கு வந்த பிறகும், ஒவ்வொன்றிலும் ஒரு திசையில் ஒரே தடத்தில்தான் ஊர்திகள் செல்லலாம். மற்றொரு தடம் பழுதாகி நிற்கும் ஊர்திகளுக்காக ஒதுக்கப்படும் எனச் சட்டம் வரையறுத்துள்ளது. அவ்வரையறை என்றேனும் தளர்த்தப்படுமோ என்னும் ஐயம் பள்ளத்தாக்கு மக்களிடையே இன்னும் நீங்கவில்லை.