ரஹீமின் ஐஸ்கிரீமுக்கு யார் காசு கொடுத்தது?

நான்கு நண்பர்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். கவின் இட்லியும் காபியும் சாப்பிட்டான்: 80 ரூபாய். யாழினிக்கு நெய் ரோஸ்ட்: 120. ஸ்டெல்லாவுக்கு சோளா பூரியும் ஜூஸும்: 160. ரஹீமுக்கு மீல்ஸும் ஐஸ்கிரீமும்: 200. மொத்தம் 560 ரூபாய்.

பில்லின் அடியில் சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று போட்டிருந்தது. முதலாவது மத்திய அரசுக்கு, அடுத்தது மாநில அரசுக்கு. ஆக வரி 5 சதவீதம். பரிமாறிய அண்ணனுக்கு 10 சதவீதம் டிப்ஸ் வைக்கலாம் என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள். டிப்ஸ் என்பது நம் விருப்பம்தான். அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். ஜப்பானிலோ டிப்ஸ் வைக்கும் பழக்கமே இல்லை.

இதை மனக்கணக்காகவே போடலாம். 10 சதவீதம் வேண்டுமா? தசமப் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். 560 என்பது 56 ஆகிவிடும். 5 சதவீதம் அதில் பாதி, அதாவது 28. இரண்டையும் கூட்டினால் 84. எனவே கொடுக்க வேண்டியது 644 ரூபாய்.

"நாலாப் பிரிச்சா ஆளுக்கு 161!" என்றான் ரஹீம். கவினுக்குத் திக்கென்றது. 80 ரூபாய்க்குச் சாப்பிட்டவன் 161 கொடுப்பதா?

சரியாகப் பிரிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. 644ஐ 560ஆல் வகுத்துப் பாருங்கள், 1.15 வரும். அதாவது, சாப்பிட்ட ஒவ்வொரு ரூபாயும் வரியும் டிப்ஸும் சேர்ந்து 1 ரூபாய் 15 காசு ஆகியிருக்கிறது. இது நால்வருக்கும் பொது. அவரவர் சாப்பிட்ட தொகையை 1.15ஆல் பெருக்கினால் போதும். கவின் 92, யாழினி 138, ஸ்டெல்லா 184, ரஹீம் 230. கூட்டிப் பாருங்கள், 644 வந்துவிடும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

சமமாகப் பிரிப்பதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ரஹீம் 60 ரூபாய்க்கு மேலும் ஓர் ஐஸ்கிரீம் கேட்கிறான் என்று வையுங்கள். வரி, டிப்ஸோடு அது 69 ரூபாய். நான்காகப் பிரித்தால் அவன் கையிலிருந்து போவது 17 ரூபாய் 25 காசுதான்! மீதியை மற்ற மூவரும் கொடுக்கிறார்கள். 'அப்படியென்றால் நானும் ஒன்று கேட்கலாமே' என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். எல்லோரும் கேட்டால் எல்லோருக்கும் செலவு ஏறும்.

நிஜமாகவே மனிதர்கள் இப்படிச் செய்வார்களா? பொருளியல் ஆய்வாளர் யூரி நீசியும் அவருடைய சகாக்கள் இருவரும் இஸ்ரேலில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் பழக்கமில்லாத மாணவர்களை ஆறு ஆறு பேராக ஓர் உணவகத்தில் உட்கார வைத்தார்கள். அவரவர் பில்லை அவரவரே கட்ட வேண்டும் என்றபோது ஆளுக்குச் சராசரியாக 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். ஷெக்கல் என்பது அந்நாட்டு நாணயம். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்றபோது அது 51 ஆனது. முழுக்க இலவசம் என்றபோது 82! இந்த ஆய்வு 2004இல் வெளியானது. பசி எல்லோருக்கும் பசிதான். பில்லைப் பிரிக்கும் விதம் மாறியதும் கேட்கும் பண்டமும் மாறிவிட்டது.

எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்குச் சாப்பிட்டால் சமமாகப் பிரிப்பதே சுலபம். விலை மிகவும் வேறுபட்டால் பெருக்கல் வழிதான் நியாயம். எந்த வழி என்பதை மெனு கார்டு கைக்கு வரும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அடுத்த முறை வீட்டாரோடு ஹோட்டலுக்குப் போகும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள். வரி சரியா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்!