மொட்டை மாடியில் ஒரு விமானம்

மும்பை காந்திவலியை அடுத்த சார்கோப்பில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் மொட்டை மாடியில் வடகம் காயவில்லை. ஆறு இருக்கைகள் கொண்ட விமானம் உருவானது.

கட்டியவர் ஜெட் ஏர்வேஸ் விமானி அமோல் யாதவ். முதல் இரண்டு முயற்சிகள் பறக்கவில்லை. மூன்றாவதற்கு லேத், கம்ப்ரஸர், வெல்டிங் இயந்திரம், 180 கிலோ எஞ்சின் எல்லாம் குறுகலான படிக்கட்டு வழியே மேலே சென்றன. குடும்ப நகைகள் விலைபோயின. வீடு அடகுக்குப் போனது. 2016 பிப்ரவரியில் விமானத்தைப் பிரித்து கிரேனில் இறக்கி, மும்பை 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். கூட்டம் மொய்த்தது.

ஆனால் அலுமினியத் தகடுகளை விடக் காகிதம்தான் அவரைப் பாடாய்ப்படுத்தியது. பறக்க வேண்டுமானால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு வேண்டும். தனிநபர் கட்டிய விமானத்துக்கு விதியில் இடமில்லை என்றார்கள். பிரதமர் மோடி, மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் வரை விஷயம் போனது. 2017 நவம்பரில் பதிவு கிடைத்தது. எண்: விடி-என்எம்டி. நரேந்திர மோடி, தேவேந்திராவின் முதலெழுத்துகள். விமானி, நன்றி சொல்லும் வித்தையும் அறிந்தவர்!

பறக்கும் அனுமதிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள், 2019 அக்டோபர் வரை. அதற்குள் ஜெட் ஏர்வேஸே பறப்பதை நிறுத்திவிட்டிருந்தது. 2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் துலே ஓடுதளத்திலிருந்து மாடி விமானம் மேலெழும்பி, பத்திரமாகத் தரையிறங்கியது. அமோலின் அடுத்த திட்டம்: 19 இருக்கை விமானம்.