குகைக்கு வந்த வாழ்வு!

இத்தாலி என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது மூன்றே மூன்றுதான். சாய்ந்த கோபுரம், பீட்ஸா, போப்பாண்டவர். (‘வாட்டிகன் தனி நாடாச்சே சார்?’ என்று யாராவது கடிதம் போடுவதற்குள் நானே சொல்லி விடுகிறேன்... தனி நாடுதான்!)

கோபுரமும் போப்பும் இருப்பது ரோமிலும் அதற்கு வடக்கிலும். எனவே டூர் கோஷ்டிகள் ரோமில் இறங்கி, போட்டோ பிடித்துக் கொண்டு வடக்கே ஓடி விடுகின்றன. நான் போனது தெற்கே. அதுவும் நவம்பர் கடைசியில். குளிர் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் இன்னும் வராத, கடைக்காரர்களே கொட்டாவி விடுகிற சீஸன்.

பூகோளப் பாடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் என்று படித்திருப்பீர்கள். அந்த பூட்ஸின் குதிகாலுக்கு முன்னால், உள்ளங்கால் குழிந்திருக்குமே, அந்த இடத்தில் பஸிலிகாத்தா என்று ஒரு மாநிலம். அதில் மத்தேரா என்று ஓர் ஊர். சுமார் 60,000 ஜனங்கள். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம்.

பாரி என்ற துறைமுக நகரத்திலிருந்து குட்டி ரயில் ஒன்று போகிறது. தண்டவாளத்தின் அகலம் 950 மில்லி மீட்டர். அதாவது நம்ம ஊர் மீட்டர் கேஜை விட ஐந்து சென்டி மீட்டர் கம்மி! ரோடு வழியாக 65 கிலோ மீட்டர்தான். ஆனால் ரயில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக் கொண்டது. வழியெல்லாம் ஆலிவ் தோப்பு. நவம்பர்தான் அறுவடை மாதம். மரத்தடியில் வலையை விரித்துப் போட்டு, கிளைகளை உலுக்கிக் காயைக் கொட்டுகிறார்கள். நம்மூரில் நாவல் மரத்தடியில் வேட்டி விரித்துப் பிடிப்போமே, அதே டெக்னிக்.

மத்தேராவில் இறங்கி நடந்தால் முதலில் தெரிவது சாதாரண ஊர்தான். பாங்க், மருந்துக் கடை, ஸ்கூட்டர். அப்புறம் ஒரு பெரிய சதுக்கம். அதன் ஓரத்தில் மூன்று வளைவுகள். ‘என்னதான் இருக்கு?’ என்று எட்டிப் பார்த்தேன்.

தரையையே காணோம்!

கீழே, ஒரு பள்ளத்தாக்கின் சரிவு முழுக்க, தேன்கூடு மாதிரி வீடுகள். வீடு என்றா சொன்னேன்? பாதி வீடு, பாதி குகை. மெத்தென்ற சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உள்ளே போயிருக்கிறார்கள். குடைந்தெடுத்த கல்லையே முன்னால் அடுக்கி முகப்பு கட்டியிருக்கிறார்கள். கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரரின் தெரு! இந்தப் பகுதிக்குப் பெயர் சாஸ்ஸி. ‘கற்கள்’ என்று அர்த்தம்.

கோடையில் இங்கே தோளோடு தோள் இடித்துக் கொண்டுதான் நடக்க வேண்டுமாம். கூரை இடுக்குகளில் வல்லூறு இனத்துக் குட்டிப் பறவைகள் வேறு கூடு கட்டிக் கொண்டு கத்துமாம். நான் போனபோது பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போயாச்சு, டூரிஸ்டுகள் ஆபீஸுக்குப் போயாச்சு. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எங்கோ விறகு எரியும் வாசனை. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டி விட்டது.

தங்கியது ஒரு குகையில்தான். குனிந்து நுழைய வேண்டிய கதவு. உள்ளே விதானத்தில் உளி வெட்டிய தடம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே மெத்தை, ஹீட்டர், வெந்நீர் ஷவர் சகலமும். செல்போன் சிக்னல் மட்டும் இல்லை. குகையாச்சே! நவம்பர் என்பதால் வாடகை கொஞ்சம் மலிவு. அப்படியும் ஒரு ராத்திரிக்கு 100 யூரோவுக்கு மேல். நம்ம கணக்கில் ஏறக்குறைய 10,000 ரூபாய். சொகுசுக் குகை என்றால் அதைப் போல் பல மடங்கு.

மறுநாள் காலை, அந்தக் காலத்துக் குடும்பம் எப்படி இருந்தது என்று காட்டுகிற ஒரு குகை வீட்டைப் பார்க்கப் போனேன். டிக்கெட் வாங்கிக் கொண்டு உள்ளே போனால் ஒரே அறை. உயரமான கட்டில், சோளத் தோகை அடைத்த மெத்தை. கட்டிலுக்குக் கீழே கோழி. பின்பக்கம் கோவேறு கழுதை. அப்பா, அம்மா, அஞ்சாறு பிள்ளைகள். அலமாரியின் இழுப்பறையை வெளியே இழுத்து அதிலும் ஒரு குழந்தையைப் படுக்க வைப்பார்களாம். ஜன்னல் கிடையாது. குளிர் காலத்தில் ஹீட்டர் வேலையை அந்தக் கழுதையின் மூச்சுதான் பார்த்திருக்கிறது.

முசோலினியை எதிர்த்ததற்காக டூரின் நகரத்து டாக்டரும் ஓவியருமான கார்லோ லேவி என்பவரை 1935-ல் இந்த மாநிலத்துக்குக் கொண்டு வந்து, கிராமத்தை விட்டு நகரக் கூடாது என்று தண்டனை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை அவர் எழுதி 1945-ல் புத்தகமாக வந்தது. தலைப்பு, ‘கிறிஸ்து எபோலியிலேயே நின்று விட்டார்’. எபோலி இந்தப் பக்கம் வருகிற வழியில் உள்ள ஊர். ஏசுநாதர்கூட அதைத் தாண்டி எங்களிடம் வரவில்லை என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் ஆற்றாமை. மத்தேராவைப் பார்த்து விட்டு வந்த அவருடைய சகோதரி சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறார். குகைகளிலிருந்து ஓடி வந்த குழந்தைகள் கையை நீட்டிக் கேட்டது காசு இல்லை. கொய்னா மாத்திரை! அவ்வளவு மலேரியா.

புத்தகம் வந்ததும் நாடே தலை குனிந்தது. 1948-ல் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தி வந்து பார்த்தார். 1950-ல் பிரதமர் தே காஸ்பெரி வந்து பார்த்தார். மத்தேராவுக்கு ‘தேசிய அவமானம்’ என்ற பட்டம் ஒட்டிக் கொண்டது. 1952-ல் சட்டம் போட்டார்கள். சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து வெளியேற்றிப் புது வீடுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து விடக் கூடாதே என்று பல குகைகளின் வாசலைச் சுவர் வைத்து அடைத்தும் விட்டார்கள்.

பாழடைந்த இடத்தைத் தேடி யார் வருவார்கள்? சினிமாக்காரர்கள்தான்! 1964-ல் பஸோலினி இங்கேதான் தன்னுடைய ஏசு படத்தை எடுத்தார். 2004-ல் மெல் கிப்ஸனின் ஏசு படம் வந்தது. அதிலும் மத்தேராதான் ஜெருசலேம். ஏசு எட்டிப் பார்க்காத ஊருக்கு சினிமாக்காரர்கள் அவரை இரண்டு தடவை அழைத்து வந்து விட்டார்கள்!

நடுவே காற்று திசை மாறியது. 1986-ல் சாஸ்ஸியைச் செப்பனிட அரசாங்கமே சட்டம் கொண்டு வந்தது. 1993-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்றது. 2019-ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரம் என்ற கிரீடம்.

பி.காம். படித்த மூளை சும்மா இருக்குமா? வாராக் கடன் என்று தள்ளுபடி செய்த ஐட்டம், அதே லெட்ஜரில் குட்வில்லாக எழுந்து வந்து உட்கார்ந்திருக்கிறது! பாலன்ஸ் ஷீட்டில் இந்த அதிசயத்தை நான் பார்த்ததே இல்லை. சரி, லாபம் யார் கணக்கில்?

பதில், நான் தங்கிய இடத்தின் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார் அவளுடைய தாத்தா. எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதர். தொப்பி, கழுத்தில் மஃப்ளர். (நம்ம ஊர் மார்கழித் தாத்தாக்களுக்குச் சளைத்தவர் இல்லை!) ‘நோன்னோ, இவர் இந்தியாவிலேர்ந்து வந்திருக்கார்’ என்று அறிமுகப்படுத்தினாள். அவர் பேசப் பேச அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

‘‘ஐயா, நீங்க குகையில பிறந்தவரா?’’

‘‘ஆமா தம்பி. இங்கேருந்து நாலு வாசல் தள்ளி. இப்ப அதுவும் ஓட்டல்தான். எங்க கழுதை கட்டியிருந்த எடத்துல காபி மெஷின் வெச்சிருக்காங்க. எட்டு வயசுல வெளியே வந்தோம். 1956.’’

‘‘அந்த நாள் மாதிரி வராதுன்னு தோணுமா?’’

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்.

‘‘அதெல்லாம் போட்டோ எடுக்க வர்றவங்க சொல்றது. எனக்கு மூத்தது ரெண்டு, இளையது ஒண்ணு. மூணுமே தங்கலை. எங்கம்மா யாரையும் குத்தம் சொன்னதில்லை. ‘காத்து சரியில்லை’ம்பாங்க. அவ்வளவுதான்.’’

மலேரியா என்ற வார்த்தையே இத்தாலியன் பாஷைதான். ‘மால் ஆரியா’... கெட்ட காற்று. அந்தம்மா சொன்னது அகராதிப்படி சரி.

அந்தப் பெண் மொழிபெயர்ப்பதை நிறுத்தி விட்டுத் தாத்தாவையே பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, ‘‘இதை அவர் எங்கிட்ட சொன்னதே இல்லை’’ என்றாள். தினமும் குகையைச் சுற்றிக் காட்டி, ‘அந்தக் காலத்து எளிமை’ என்று விருந்தாளிகளிடம் சொல்கிற பெண்!

தாத்தா தொடர்ந்தார். ‘‘புது வீட்டுக்குப் போன அன்னிக்கு அம்மா குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரே சந்தோஷம். ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் உக்காந்து அழுதாங்க. பக்கத்து வீட்டுக்காரி எந்தத் தெருவுக்குப் போனாள்னே தெரியலை.’’

சாஸ்ஸியில் சில குகைகளுக்குச் சேர்த்து ஒரே முற்றம் உண்டு. விச்சினாத்தோ என்று பெயர். கிணறு பொது, துவைக்கும் கல் பொது, பிள்ளைகளை அதட்டும் உரிமையும் பொது. நம்ம ஊர் ஸ்டோர் வீடு மாதிரி. அரசாங்கம் வீடு கொடுத்தது. முற்றத்தைக் கொடுக்கத் தெரியவில்லை.

‘‘குகை வேணாம் தம்பி. அந்த முற்றம் போச்சேன்னுதான்’’ என்றவர் திடீரென்று, ‘‘ஆமா, ராத்திரிக்கு உங்களுக்கு எவ்வளவு?’’ என்றார். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டார். ‘‘எங்கப்பா கேட்டிருந்தா கழுதையை வெளியே கட்டியிருப்பார்’’ என்றார்!

சாயங்காலம் சதுக்கத்துக்கு அடியில் இறங்கினேன். அங்கே பலோம்பாரோ லுங்கோ என்று ஒரு பிரும்மாண்டத் தண்ணீர்த் தொட்டி. பாறையில் குடைந்தது. சுமார் 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். நம்ம பாஷையில், 10,000 லிட்டர் டாங்கர் லாரி 500! மழைத் தண்ணீரையும் ஊற்றுத் தண்ணீரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கசியாமல் இருக்க, சுட்ட மண்ணைப் பொடித்துச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசியிருக்கிறார்கள். நம்ம கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அடியோடு மறந்து போய், 1991-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்த இதே ஊரில், 2021-ல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக, பைக் சறுக்காமல் இருக்கட்டும் என்று கல் தெருவில் ஆயிரக்கணக்கான லிட்டர் கோகோ கோலாவைக் கொட்டினார்கள்! ஸ்டன்ட் மாஸ்டரே பேட்டியில் சொன்ன விஷயம். காய்ந்ததும் பிசுபிசுப்பில் டயர் நன்றாகப் பிடிக்குமாம். தாத்தாவின் அம்மா பார்த்திருந்தால் ஒரு குடத்தைத் தூக்கிக் கொண்டு ஓடி வந்திருப்பாள்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்குப் பயமில்லை. கெட்டிக் கோதுமை ரவையில் செய்கிற பெரிய ரொட்டி இங்கே பிரசித்தம். ஒரு வாரம் கெடாது. அந்தக் காலத்தில் பொது அடுப்பில் சுடக் கொடுப்பார்கள். யாருடைய ரொட்டி என்று தெரிய, குடும்பத்துக்குக் குடும்பம் மர முத்திரை குத்தி அனுப்புவார்கள். காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம் சேர்த்துப் பிசைந்தால் ‘சல்லெத்தா’. சந்தேகமே வேண்டாம், நம்ம பழைய சோற்றின் இத்தாலிய அவதாரம்! தொட்டுக் கொள்ள, கயிற்றில் கோத்துக் காய வைத்த சிவப்பு மிளகாயை எண்ணெயில் சில விநாடி பொரித்துத் தருகிறார்கள். மோர்மிளகாய் போல் நொறுங்குகிறது. கடித்தால் இனிப்பு. நாக்கு ஏமாந்து போகிறது.

நவம்பரில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மதியம் ஒரு மணியிலிருந்து சாயங்காலம் வரை பல கடைகள் மூடியிருக்கும். தேய்ந்த கல் படிகள் மழையில் சோப்பாகி விடும். நல்ல பிடிப்புள்ள ஷூ முக்கியம். மழை சில சமயம் விளையாட்டுக் காட்டும். 2019 நவம்பரில் இந்தத் தெருக்களில் சேற்று வெள்ளமே ஓடியிருக்கிறது.

இருந்தாலும் நவம்பரில்தான் போக வேண்டும் என்பேன். கோடைக் கூட்டத்தில் சாஸ்ஸி முழுக்க உயிர் இருப்பது போலத் தெரியும். கூட்டம் போன பிறகுதான் அங்கே நிஜமாக யார் வசிக்கிறார்கள் என்பது தெரிகிறது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஜன்னலில் விளக்கு எரிந்தால் நம்பாதீர்கள், லாட்ஜிலும் விளக்கு எரியும். கொடியில் துணி காய்கிறதா என்று பாருங்கள். ஓட்டல்காரர் வாசலில் ஜட்டி காயப் போட மாட்டார். குழந்தையின் சட்டை, தாத்தாவின் பனியன் தொங்கினால் அது வீடு.

இரண்டு நாள் தெருத் தெருவாகச் சுற்றி எண்ணினேன். நாலு கொடிதான் தேறியது.