டிரெஸ்ஸிங் மாற்றும்போது பாட்டு: வலியை இசை எங்கே தடுக்கிறது?

தீக்காயத்தில் வலி இரண்டு வகை. படுத்திருக்கும்போதும் விடாமல் இருக்கும் வலி ஒன்று. டிரெஸ்ஸிங் மாற்றும்போது வரும் வலி இன்னொன்று. இரண்டாவதுதான் பெரும்பாலும் தாங்க முடியாதது. ஒட்டிப்போன துணியைப் பிரிக்கணும், செத்த தோலை எடுக்கணும், கழுவி மருந்து போட்டுத் திரும்பக் கட்டணும். செய்யாமல் விட்டால் கிருமி தொற்றிவிடும். அதனால் வாரக்கணக்கில், சில சமயம் தினமும் நடக்கும்.

மார்ஃபின் போன்ற மருந்து கொடுத்தும் அந்த அரை மணி நேர வலி முழுசாக அடங்குவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, மூச்சு மந்தமாகிவிடும். இதோடு பயமும் சேர்கிறது. நேற்று வலித்தது ஞாபகம் இருக்கும். இன்று நர்ஸ் டிரேயோடு வரும்போதே உடம்பு இறுகிப்போகும். இறுகிய உடம்புக்கு வலி இன்னும் அதிகம். இந்தச் சுழற்சியை உடைக்கத்தான் இசை சிகிச்சை.

"பாட்டு கேட்டா வலி போயிடுமா? கதை விடாதீங்க" என்று தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். வலிச் செய்தி காயத்திலிருந்து நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, அந்தக் கதவை மூளையும் மேலிருந்து திறக்கவோ சாத்தவோ முடியும் என்றார்கள். அதில் சில விவரங்கள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது.

கவனம் வேறு பக்கம் போனால் வலி குறையும் என்றதும், 'செய்தி மூளைக்கு வருது, மூளைதான் கண்டுக்கல' என்று நினைப்போம். விஷயம் அதற்கும் கீழே இருக்கிறது. 2012-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு சோதனை நடந்தது. கையில் சூடு வைத்துக்கொண்டே ஞாபகசக்திக் கணக்குகளைச் செய்யச் சொன்னார்கள். கணக்கு கடினமானபோது தண்டுவடத்திலேயே வலிச் செயல்பாடு குறைந்தது ஸ்கேனில் தெரிந்தது. உடம்பு தானே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருட்களை நலோக்சோன் என்ற மருந்தால் தடுத்துப் பார்த்தபோது, அந்த நிவாரணமும் குறைந்தது. நம்ம பாஷையில் சொன்னால், சர்வர் பிஸியாக இருப்பதால் மட்டும் பாக்கெட் தொலையவில்லை. வழியில் ஃபயர்வாலே சிலவற்றைத் தடுத்துவிடுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. கவனத்தை நிஜமாகவே இழுத்துப் பிடித்தால்தான் கதவு சாத்தும். மூலையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தால் அது நடக்கும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் உள்ள மெட்ரோஹெல்த் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு இதைத்தான் செய்தது. அவர்கள் முறையில் இரண்டு பகுதி. டிரெஸ்ஸிங்குக்கு முன்னும் பின்னும், இசையோடு நோயாளி தனக்குப் பிடித்த இடத்தை மனதில் கொண்டுவந்து உடம்பைத் தளர்த்துவார். டிரெஸ்ஸிங் நடக்கும்போது வேறு முறை: சும்மா கேட்பது இல்லை, அவரே இசையில் பங்கெடுக்க வேண்டும். 2010-ல் வெளியான ஆய்வில் 29 உள்நோயாளிகள். ஒரே ஆளுக்கு ஒரு நாள் இசையோடு, ஒரு நாள் இசையில்லாமல். எது முதல் நாள் என்பது குலுக்கல் முறையில். இசை இருந்த நாளில் டிரெஸ்ஸிங்குக்கு முன்பும், நடக்கும்போதும், பிறகும் வலி குறைவு என்று நோயாளிகள் சொன்னார்கள். நடக்கும்போது பதற்றமும் தசை இறுக்கமும்கூடக் குறைந்திருந்தன.

இப்போது மறுபக்கம். 29 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பாட்டு ஓடுவது நோயாளிக்குத் தெரியாமல் மறைக்க முடியாது, எனவே எதிர்பார்ப்பின் பங்கும் இருக்கும். பலவகை வலிகளுக்கான 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ன் காக்ரேன் தொகுப்பில், 10-க்குச் சராசரியாக அரைப் புள்ளிதான் குறைந்தது. ஆகவே இசை மருந்துக்குத் துணைதான். மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டு போடுவது கொடுமை.

வீட்டில் பெரியவர்களுக்கோ குழந்தைக்கோ புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை:

1. வலி மாத்திரையை எவ்வளவு நேரம் முன்னால் கொடுக்கணும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
2. பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். உங்களுக்குப் பிடித்தது வேண்டாம்.
3. துணியைத் தொடுவதற்குச் சில நிமிடம் முன்பே ஆரம்பியுங்கள்.
4. கூடப் பாடச் சொல்லுங்கள், தாளம் போடச் சொல்லுங்கள், அடுத்த வரி என்னன்னு கேளுங்கள்.
5. "நிறுத்து" என்றால் நிறுத்துங்கள். பாட்டு ஓடுகிறதே என்று தொடராதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் வலி நாளுக்கு நாள் கூடினால், புண்ணில் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.