எந்தப் பாட்டுக்கு எந்த ஹெட்போன்?

இன்றைக்கு மாமா பேசப்போவது காதைப் பற்றி. காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனைப் பற்றியும்தான்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அக்கா, அண்ணன் காதுகளைப் பாருங்கள். ஒருவர் காதுக்குள் சின்னதாக ஒரு இயர்பட். ஒருவர் கழுத்தில் நெக்பேண்ட். இன்னொருவர் தலையில் பெரிய ஹெட்போன்.

இதைப் பார்த்ததும் உங்களில் ஒருவருக்குக் கட்டாயம் தோன்றியிருக்கும்: "மாமா, இருக்கிறதிலேயே நல்ல ஹெட்போன் எது? நிறைய காசு கொடுத்து வாங்கினா எல்லாப் பாட்டும் நல்லா கேட்குமா?"

சபாஷ்! நல்ல கேள்வி. பதிலுக்கு மாமாவும் ஒன்று கேட்கிறேன். இருக்கிறதிலேயே நல்ல மாங்காய் எது? ஊறுகாய் போட உட்காரும் பாட்டியிடம் பழுத்த பங்கனபள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வார்? "இதை வைத்துக்கொண்டு நான் என்னடா பண்ண? புளிப்பாக ஒரு காய் கொண்டா" என்பார். பழம் உசத்திதான். வேலைதான் வேறு.

ஹெட்போனும் அப்படித்தான். விலையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்ன பாட்டு? எங்கே உட்கார்ந்து கேட்கிறோம்? யாருடைய காது? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

கழுத்தில் விரலை வைத்து "ம்ம்ம்" என்று சொல்லுங்கள். விரலில் ஒரு நடுக்கம் தெரிகிறதா? அந்த அதிர்வுதான் ஒலி. இப்போது குரலைக் கீழே இறக்கி "ம்ம்ம்". அதிர்வு மெதுவாகிறது. குரலை மேலே ஏற்றுங்கள். அதிர்வு வேகமாகிறது.

மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும். வயதாக ஆக மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும். உங்களுக்குக் கேட்கும் சில கீச்சு ஒலிகள் மாமாவுக்குக் கேட்காது!

ஹெட்போனுக்குள் ஒரு காந்தம் உண்டு. அதன் நடுவில் மெல்லிய கம்பிச் சுருள். அந்தச் சுருள் ஒரு மெல்லிய தாளோடு ஒட்டியிருக்கும். போனிலிருந்து மின்சாரம் வந்ததும் சுருளைக் காந்தம் தள்ளும், இழுக்கும். சுருளோடு தாளும் ஆடும். தாள் ஆட, காற்று ஆடும். காற்று ஆட, உங்கள் செவிப்பறை ஆடும். அவ்வளவுதான் வித்தை.

அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910இல் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை அதிகம் மாறவில்லை. மின்சாரம் தாளை ஆட்ட வேண்டும், தாள் காற்றை ஆட்ட வேண்டும். புரிந்ததா? சரி, மேலே போவோம்.

கேள்வி ஒன்று: என்ன பாட்டு?

ஹெட்போனைச் சோதிக்க மாமாவுக்குப் பிடித்த வாத்தியம் மிருதங்கம். ஏன் தெரியுமா?

அதற்கு இரண்டு முகம். வலப்பக்கத்துக்கு வலந்தலை என்று பெயர். அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஒட்டியது அது. இடப்பக்கம் தொப்பி. கச்சேரிக்கு முன்னால் அதன் நடுவில் ரவையைக் குழைத்து அப்புவார்கள். வலந்தலை கணீரென்று பேசும். தொப்பி "தொம்" என்று அடிவயிற்றிலிருந்து பேசும். ஒரே வாத்தியத்தில் மேல் ஒலியும் கீழ் ஒலியும்!

சாதாரணத் தோல் கருவியை அடித்தால் ஒன்றோடொன்று சேராத பல ஒலிகள் கலந்து வரும். அதனால்தான் "டமார்" என்று கேட்கிறது. மிருதங்கம் அப்படி இல்லை. நம் சர் சி.வி. ராமன் இதைக் கண்டு வியந்தார். 1920இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' அறிவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார். அந்தக் கறுப்பு வட்டம்தான் தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது. அடிப்படை அதிர்வு நொடிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், கூடவே 200, 300, 400 என்று கணக்காக வருகிறது. அதனால்தான் மிருதங்கத்தில் சுருதி கேட்கிறது.

இப்போது ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியை, போட்டுக் கேளுங்கள். தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி நகர்த்துவார்கள். "கும்ம்" என்று ஒலி வளைந்து மேலே ஏறும். அதற்குக் கும்கி என்று பெயர். கீழ் ஒலி வராத ஹெட்போனில் கும்கி காணாமல் போய்விடும். கீழ் ஒலியை அளவுக்கு மீறி ஊதிக் காட்டும் ஹெட்போனிலோ, அந்த வளைவு தெரியாமல் வெறும் "தம் தம்" என்று முட்டும். வலந்தலையும் அதற்குள் மூழ்கிவிடும். இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிந்தால் அது நேர்மையான ஹெட்போன்.

பாட்டுக்குப் பாட்டு தேவை மாறும். கானாவுக்கும் பறைக்கும் குத்துப் பாட்டுக்கும் கீழ் ஒலி கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் காலைத் தட்டத் தோன்றும். வீணைக்கும் குரலுக்கும் நடு ஒலி தெளிவாக வேண்டும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. நாதஸ்வரம் இன்னொரு மாதிரி. அதில் இயல்பாகவே மேல் ஒலிகள் செழிப்பாக இருக்கும். மேல் ஒலியைக் கூட்டிக் காட்டும் ஹெட்போனில் நாதஸ்வரம் கேட்டால் காது கூசும். இளையராஜா பாட்டிலோ பேஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடும், மேலே வயலின்கள் கூட்டமாக வரும். அதற்கு எல்லாம் சமமாக ஒலிக்கும் ஹெட்போன் பொருத்தம்.

கேள்வி இரண்டு: எங்கே கேட்கிறோம்?

இப்போது ஒரு சோதனை. "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கி மூடுங்கள். உங்கள் குரல் திடீரென்று கனத்துப் பெரிதாகிறதா? கையை எடுங்கள். சாதாரணமாகிவிட்டது. காது மூடியிருக்கும்போது கீழ் ஒலி வெளியே தப்ப வழியில்லை. உள்ளேயே தங்கிவிடுகிறது.

பெரிய ஹெட்போன்களில் இரண்டு சாதி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்று மூடிய வகை. முதுகுப்பக்கம் அடைத்திருக்கும். கீழ் ஒலியைக் கெட்டியாகத் தரலாம். உள்ளே ஓடும் பாட்டும் வெளியே அதிகம் கசியாது. அதனால்தான் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பாடுகிறவர்கள் இதை மாட்டுகிறார்கள். கசிந்தால் மைக்கில் ஏறிவிடும் அல்லவா? சோனியின் எம்டிஆர் 7506 இப்படிப் பெயர் வாங்கிய ஒன்று. 1991இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இன்னொன்று திறந்த வகை. முதுகுப்பக்கம் சல்லடைபோல இருக்கும். ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 1968இல் எச்டி 414 என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கிண்ணத்துக்குள் ஒலி முட்டித் திரும்பாததால் பாட்டு விசாலமாகக் கேட்கும். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று மேடையே விரியும். கச்சேரி கேட்க அருமை. அதே கம்பெனியின் எச்டி 600 என்ற ஹெட்போன் 1997இல் வந்தது. குரலும் நரம்பு வாத்தியமும் இயல்பாகக் கேட்கிறது என்று ரசிகர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் அதன் மின்தடை 300 ஓம். சாதாரண போன் தரும் மின்னழுத்தம் அதற்குப் போதாது. தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதோடு சல்லடை வழியாகப் பாட்டு வெளியே போகும், வெளிச்சத்தம் உள்ளே வரும். இந்த விலை உயர்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரகடம் பஸ்ஸில் ஏறினால் என்ன கேட்கும்? டீசல் இன்ஜின்தான் கேட்கும்!

அப்போது பஸ்ஸுக்கு எது சரி? இரைச்சலை அடக்கும் ஹெட்போன். இதன் பின்னால் ஒரு கதை உண்டு. அமர் போஸ் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய அப்பா வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர். 1978இல் அமர் போஸ் விமானத்தில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டார். விமான இரைச்சலில் பாட்டு ஒழுங்காகக் கேட்கவில்லை. நாமாக இருந்தால் சலித்துக்கொண்டு தூங்கியிருப்போம். அவர் அங்கேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. 2000இல் எல்லோருக்குமானது வந்தது.

கணக்கு என்ன? ஒலி அலையில் மேடு உண்டு, பள்ளம் உண்டு. ஹெட்போனில் உள்ள குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும். உடனே அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உண்டாக்கும். அங்கே மேடு என்றால் இங்கே பள்ளம். இரண்டும் சேர்ந்தால்? சமமாகிவிடும். சத்தம் அடங்கிவிடும்.

ஒரு சின்னச் சிக்கல். இன்ஜின் உறுமல் மெதுவான அதிர்வு, ஒரே சீராக வரும். அதற்கு எதிர் அலை போடுவது சுலபம். திடீரென்று அடிக்கும் ஹாரனும், பக்கத்து சீட்டு அக்காவின் சிரிப்பும் அப்படி இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் மாறும் அதிர்வுக்கு, இம்மி தாமதித்தாலும் மேடும் பள்ளமும் பொருந்தாது. அதனால் அவை கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். இருந்தாலும் ரோட்டைக் கடக்கும்போது எந்த ஹெட்போனாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். சரியா?

ஒயர் எங்கே போச்சு?

உங்கள் அம்மா, அப்பாவிடம் பழைய நோக்கியா போனைப் பற்றிக் கேளுங்கள். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா ஆலை ஓடியது. அந்தக் காலத்துப் போன்களில் இயர்போனைச் செருகினால்தான் எஃப்எம் ரேடியோ பாடும். ஏன்? எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதைப் பிடிக்க நீளமான ஆன்டெனா வேண்டும். போனுக்குள் அதற்கு இடமில்லை. அதனால் இயர்போன் ஒயரே ஆன்டெனா வேலையையும் பார்த்தது!

இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகும் ஐபோன்களில் இயர்போன் செருகும் ஓட்டையே கிடையாது. 2016இல் வந்த ஐபோன் 7இலேயே ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. இப்போது புளூடூத்தில் பாட்டு காற்றிலேயே வருகிறது. வருவதற்கு முன் பாட்டைக் கொஞ்சம் சுருக்கி அனுப்புவார்கள். பஸ்ஸில் அந்த வித்தியாசம் தெரியாது. அமைதியான அறையில் நுணுக்கமாகக் கேட்பவர்கள் இன்னும் ஒயரை விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

கேள்வி மூன்று: யாருடைய காது?

காதுக்குள் வைக்கும் வகையோடு மூன்று அளவில் ரப்பர் முனைகள் தருவார்கள். பலர் அதை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓடும்போது இயர்போனை லேசாக அழுத்துங்கள், பிறகு தளர்த்துங்கள். "தொம்" வருகிறது, போகிறது, பார்த்தீர்களா? இடைவெளி இருந்தால் கீழ் ஒலி கசிந்து ஓடிவிடும். அளவு சரியில்லாத முனையோடு பத்தாயிரம் ரூபாய் இயர்போனும் தகர டப்பாவாகத்தான் கேட்கும்.

அடுத்தது முக்கியம். இங்குள்ள கார் ஆலைகளில் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப் உண்டு. அங்கே வேலை செய்யும் அண்ணன்கள் இயர் மஃப் மாட்டுவார்கள். அதுவும் மூடிய ஹெட்போன்தான், பாட்டு மட்டும் வராது! ஏன் மாட்டுகிறார்கள்? நம் காதின் நத்தை எலும்புக்குள் சுமார் 15,000 மயிர் செல்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தில் அவை செத்துப்போனால் திரும்ப முளைக்காது.

பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஆற்றல் இரட்டிப்பாகும். அப்போது நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. 90க்குப் போனால் வாரத்துக்கே 4 மணிதான்! உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான் வரம்பு.

பஸ்ஸில் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தை ஜெயிக்கத்தான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். இரைச்சலை அடக்கும் ஹெட்போனில் அந்தத் தேவை குறைந்துவிடும். அங்கேதான் கொடுத்த காசுக்குப் பலன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் இருக்கும் ஹெட்போன் எதுவானாலும் சரி. ராத்திரி அமைதியான நேரத்தில், பாட்டின் வரிகள் தெளிவாகக் கேட்கும் மிகக் குறைந்த ஒலியை வையுங்கள். போன் திரையில் அது எத்தனையாவது கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே பாட்டை, அதே ஹெட்போனில் பஸ்ஸில் கேளுங்கள். எத்தனை கோடு ஏற்ற வேண்டியிருந்தது? வேறொரு ஹெட்போன் கிடைத்தால் அதிலும் இதையே செய்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். எதில் குறைவாக ஏற்றினீர்களோ, உங்கள் பஸ் ரூட்டுக்கு அதுதான் நல்ல ஹெட்போன். கடைக்காரர் சொல்லும் விலை எதுவாக இருந்தாலும் சரி!