உருக்கு தரும் முன்னெச்சரிக்கை

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன் குடியிருப்புகளை மண்சரிவு புதைத்தது. அவ்விடம் அபாயகரமானது என 2005, 2011 ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தமை யாவரும் அறிந்ததே. மண்ணைப் போலவே, பாலங்களையும் தண்டவாளங்களையும் தாங்கும் உருக்கும் முன்கூட்டியே அடையாளம் காட்டக்கூடியது.

1924 இல் பதுளையை எட்டிய மலையக ரயில் பாதை, 2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளியின்போது பல இடங்களில் சேதமடைந்தது. இத்தகைய அனர்த்தங்களில் வளைந்து முறிந்த உருக்கைக் கண்ணால் கண்டு அகற்றிவிடலாம். அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கிய பின்னரும் நேராக நிற்கும் உருக்கே கவலைக்குரியது.

சுமை நீங்கியதும் உருக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது. இந்த நிரந்தர உருமாற்றம் பெரும்பாலும் ஆணித் துளையின் ஓரம், பற்றவைப்பின் விளிம்பு போன்ற சிறிய இடங்களிலேயே முதலில் குவிகின்றது. பிற்காலத்தில் வெடிப்பு தோன்றுவதற்கும் அவ்விடங்களே ஏதுவாகின்றன.

இதனைக் கண்டறியக் காந்தவியல் துணைபுரிகின்றது. உருக்கினுள் நுண்ணிய காந்தப் பகுதிகள் உள்ளன. வெளிக்காந்தப் புலம் மாறும்போது அவற்றின் எல்லைகள் நகருகின்றன. உருமாறிய இடத்தில் அணு அடுக்குகளில் ஏற்பட்ட பிறழ்வுகள் அந்நகர்வைத் தடுக்கின்றன. எனவே அவை வழுக்கிச் செல்லாது, துள்ளித் துள்ளி நகருகின்றன. அத்துள்ளல்கள் கம்பிச்சுருளொன்றில் மின்துடிப்புகளாகப் பதிவாகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் பார்க்ஹவுசன் 1919 இல் கண்டறிந்தார். தமிழ்நாட்டின் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் இம்முறையில் உருக்குகளை ஆராய்ந்துள்ளது. உருக்கின் மேற்பரப்பில் தானாகவே கசியும் காந்தப் புலத்தை அளக்கும் பிறிதொரு முறைக்கு 2007 இல் சர்வதேச நியமமும் வெளியிடப்பட்டது.

எனினும் இவை மந்திரக்கோல்கள் அல்ல. உருக்கின் வகை, வெப்பப் பதப்படுத்தல், எஞ்சிய தகைப்பு ஆகிய யாவும் அளவீட்டை மாற்றும். அதே வகை உருக்கின் சேதமுறாத மாதிரியோடு ஒப்பிட்டால் மட்டுமே முடிவுக்கு வரலாம். சந்தேகத்துக்குரிய இடங்களை வேறு சோதனைகளாலும் உறுதிப்படுத்தல் வேண்டும்.

ஆகவே, அனர்த்தத்தின் பின்னர் நிற்கும் பாலங்களைக் கண்பார்வையால் மட்டும் மதிப்பிடாது, ஆரம்ப அளவீடுகளைப் பதிந்துவைத்து, காலந்தோறும் ஒப்பிடுவது அவசியமாகும். அதனிலும் முக்கியமானது, கருவி காட்டும் எச்சரிக்கையின் பேரில் உரியவர்கள் உரிய நேரத்தில் செயற்படுவதாகும். எச்சரிக்கை இருந்தும் உயிர்கள் காக்கப்படாது போகலாம் என்பதற்கு மீரியபெத்தவை விடவும் வேறு சான்று தேவையில்லை.